வேறாவதற்குக் காரணம் வேண்டுமா?

மதெய்ரா தீவின் எலியைக் கையில் பிடித்துப் பார்த்தால் புதிதாகச் சொல்ல ஒன்றுமிருக்காது. மனிதர் தானியம் சேர்த்து வைக்கும் ஊர்களிலெல்லாம் ஓடித் திரியும் அதே வீட்டுச் சுண்டெலி. பழுப்பும் சாம்பலும் கலந்த மேனி, இருபது கிராமைச் சுற்றிய எடை, உடம்பளவுக்கு நீளும் வால். தீவின் வடகரை எலியையும் தென்கரை எலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த ஊர் என்று பிடித்தவருக்கே குழப்பம் வரும். வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் எலும்புக்குள் போக வேண்டும்.

போகும் வழி இது. கோல்ச்சிசின் என்ற மருந்தைச் செலுத்தி, பிரிந்துகொண்டிருக்கும் செல்களைப் பாதி வழியில் நிறுத்துவார்கள். பிறகு தொடையெலும்பைத் திறந்து மஜ்ஜையை எடுத்து நீர்த்த உப்புக் கரைசலில் போட்டால் செல்கள் ஊதிப் பருக்கும். உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த குரோமோசோம்களுக்கு விலகி நிற்க இடம் கிடைக்கும். கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சொட்டு விழுந்ததும் செல் உடைந்து பரவும். ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் எண்ண வேண்டியதுதான். சாதாரண வீட்டெலிக்கு 40 குரோமோசோம்கள். நாற்பதும் ஒற்றைக் கை கொண்ட குச்சிகள். நடுவில் இடுப்பும் இருபுறம் கையுமாக ஒன்று தென்பட்டால் கற்றுக்குட்டியின் கண்ணுக்கும் தப்பாது: இரண்டு குச்சிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன என்று பொருள்.

2000ஆம் ஆண்டு, பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் பிரிட்டன்-டேவிடியனும் அவருடைய கூட்டாளிகளும் நேச்சர் இதழில் ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டார்கள். மதெய்ராவின் எலிகளில் அப்படி ஒட்டிக்கொண்ட குரோமோசோம்கள் ஒன்றிரண்டு இல்லை, குவியலாக இருந்தன. ஆறு வெவ்வேறு எலிக்கூட்டங்கள். எல்லாவற்றிலும் எண்ணிக்கை நாற்பதுக்கு வெகு கீழே. குறைந்த கணக்கு 22. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒட்டிக்கொண்ட சோடிகள் வேறு. ஒரு பள்ளத்தாக்கில் இந்தக் குச்சியோடு அந்தக் குச்சி சேர்ந்தது. அடுத்த பள்ளத்தாக்கில் அதே குச்சி இன்னொன்றோடு சேர்ந்தது.

மரபணுக்கள் கூடவுமில்லை, குறையவுமில்லை. அடுக்கிவைத்த முறை மட்டும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் எலியின் வயிறு நிறைந்ததா, ஆந்தையிடமிருந்து தப்பிக்க உதவியதா என்றால், அப்படி எந்தப் பயனையும் யாராலும் காட்ட முடியவில்லை. பின் எப்படி நிலைத்தது? அட்லாண்டிக் கடலுக்குள் எரிமலை எழுப்பிய தீவு மதெய்ரா. நடுவில் 1,862 மீட்டர் உயரத்துக்கு ருய்வு சிகரம். அங்கிருந்து கடல்வரை கத்தியால் கீறியதுபோல் இறங்கும் பள்ளத்தாக்குகள். 1419க்குப் பிறகு போர்த்துகீசியர் வந்து குடியேறியபோது சாகுபடிக்கும் வீட்டுக்கும் தோதான இடம் அந்தப் பள்ளங்களிலும் கரையோரத்திலும்தான் கிடைத்தது. ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு மலையேறிப் போவதைவிடப் படகில் சுற்றிப் போவது எளிது. மனிதருக்கே அப்படியென்றால் எலிக்கு அடுத்த பள்ளம் வெளிநாடு. ஒரு கூட்டத்தில் தற்செயலாக நேர்ந்த ஒட்டல் அங்கேயே தங்கியது, பெருகியது, எல்லோருக்கும் உரியதாயிற்று. தடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

காலம் எவ்வளவு? போர்த்துகீசியரோடு வந்த எலி என்று வைத்தால் ஐந்நூறு ஆண்டுச் சொச்சம். எலிக் கணக்கில் ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் தலைமுறை. ஆனால் பின்னர் தீவில் கிடைத்த எலி எலும்பு ஒன்றைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது அது ஆயிரம் ஆண்டுப் பழசு என்று தெரியவந்தது. போர்த்துகீசியருக்கு நானூறு ஆண்டு முன்னால் அங்கே யார் கப்பல் கொண்டுபோனார்கள்? இன்றைய மதெய்ரா எலிகளின் தாய்வழி டி.என்.ஏ. வட ஐரோப்பிய எலிகளை ஒத்திருப்பதால் சந்தேகம் வைக்கிங்குகள் மேல் விழுகிறது. எந்த ஏட்டிலும் பதிவாகாத ஒரு பயணத்துக்கு எலி சாட்சியாகியிருக்கக்கூடும். எப்படிப் பார்த்தாலும் பரிணாமக் காலக்கணக்கில் ஆயிரம் ஆண்டு என்பது நேற்று. அதற்குள் ஆறு கூட்டம். வெவ்வேறு கூட்டத்து எலிகள் கூடினால், பொருந்தாத குரோமோசோம்கள் இனச்செல் உருவாகும்போது சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இடறும். பிறக்கும் கலப்பு எலிக்கு இனவிருத்தி குன்றும். புதிய உயிரினம் தோன்றும் பாதையில் கால் எடுத்துவைத்தாயிற்று, வெளித்தோற்றத்தில் ஒரு மயிர் மாறாமல்.

எனக்கு இதில் நெருடுவது அந்தக் காரணமின்மை. உயிர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் காரணங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்கு ஒரு காரணம், மயில் தோகைக்கு ஒரு காரணம், பச்சோந்திக்கு ஒரு காரணம். ஒன்று இன்னொன்றிலிருந்து வேறுபட்டால் அந்த வேறுபாட்டுக்கு ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்று மனம் பழகிவிட்டது. காட்டெலிகளையும் வயலெலிகளையும் நூறாண்டாகப் பிடித்து எடைபோட்டு, காது நுனியில் துளி சதை கிள்ளி, சாராயக் குப்பியில் போட்டு ஆராய்ந்தவர்கள் கண்டதோ இந்தப் பழக்கத்துக்கு அவ்வளவு இணக்கமாக இல்லை.

காரணமுள்ள வேறுபாடும் உண்டு. அதைத் தேடிப் போனவர்களில் ஃபிரான்சிஸ் சம்னரின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1913இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், இன்று ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனம் என்று பெயர்பெற்ற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது பெரோமிஸ்கஸ் என்ற அமெரிக்கக் காட்டெலி. பெரிய கண், வெள்ளை வயிறு. பாலைவனத்தில் வெளிறியும் ஈரக் காட்டில் கறுத்தும் இருக்கும். சூழலே உடம்பை மாற்றுகிறது, அந்த மாற்றம் குட்டிகளுக்கும் இறங்குகிறது என்று எதிர்பார்த்துத்தான் அவர் தொடங்கினார். பாலைவன எலிகளைக் கொண்டுவந்து ஈரக்காற்று வீசும் ஊரில் வளர்த்தார். பல தலைமுறை கழிந்தும் பாலைவன எலியின் பேரக்குட்டி பாலைவன நிறத்திலேயே பிறந்தது. வேறுபாடு இரத்தத்தில் இருந்தது, காற்றில் இல்லை.

1920களின் பிற்பகுதியில் அவர் ஃபுளோரிடாவுக்குப் போனார். மெக்சிகோ வளைகுடாவின் கரையில் சர்க்கரை கொட்டியதுபோல் வெள்ளை மணல். அந்தத் தடுப்புத் தீவுகளில் வாழும் எலி ஏறக்குறைய வெள்ளை. உள்நாட்டில் கறுத்த மண்ணில் அதே இனம் அடர்பழுப்பு. கரையிலிருந்து உள்நாடு நோக்கி ஒரு கோடு போட்டு, வழியெல்லாம் பொறி வைத்து, தோல்களை நிறவாரியாக அடுக்கிப் பார்த்தார். மணல் முடிகிற இடத்தில் நிறம் மாறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாறவில்லை. வெளிறிய தோல் கறுத்த மண்ணுக்குள்ளும் தொடர்ந்து வந்து, கரையிலிருந்து 40 மைல் அளவில்தான் சட்டென்று இருண்டது. கரையோர எலிகள் உள்ளே வந்து கலந்துகொண்டே இருப்பதால் இயற்கைத் தேர்வின் கை இருந்தும் கோடு நகர்ந்து போயிருக்கிறது.

நிறுவனம் முழுக்கக் கடலாய்வுக்கு மாறியதால் 1930 வாக்கில் அவர் எலிகளைக் கைவிட வேண்டியதாயிற்று. மனுஷர் விடவில்லை. மீன்களை எடுத்துக்கொண்டார். கறுத்த தொட்டியில் வளர்த்துக் கறுத்தவை, வெளிறிய தொட்டியில் வளர்த்து வெளிறியவை என இருவகைக் கொசுமீன்களையும் ஒன்றாக விட்டு, சான் டியேகோ மிருகக்காட்சிசாலையின் பெங்குவினைக் கொண்டு தின்னவைத்தார். பின்புலத்தோடு பொருந்தாத மீன்களே அதிகம் போயின. சூழல் நேரடியாக உடம்பைச் செதுக்குகிறது என்று நம்பித் தொடங்கியவர், தின்னும் வாய்தான் செதுக்குகிறது என்று எண்ணிக் காட்டும் இடத்தில் வந்து நின்றார்.

அவர் விட்ட கோட்டை ஏறக்குறைய எண்பது ஆண்டுக்குப் பின் ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவு: வளைகுடாக் கரை எலியின் வெளிறலில் எம்சி1ஆர் என்ற ஒரே மரபணுவுக்குப் பெரிய பங்கு, அது உண்டாக்கும் முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. ஃபுளோரிடாவின் மறுகரையில், அட்லாண்டிக் பக்கம் அதே அளவு வெளிறிய எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. ஒரே விடைக்கு இரண்டு கரைகள் இரண்டு வழியில் கணக்குப் போட்டிருந்தன.

2008இல் லின் முல்லனும் ஹோக்ஸ்ட்ராவும் சம்னரின் பழைய தடத்திலேயே மறுபடி எலி பிடித்தார்கள். நிறம் மாறும் இடம் ஏறக்குறைய சம்னர் குறித்த இடத்திலேயே இருந்தது. அதே எலிகளின் டி.என்.ஏ.யில், நிறத்தோடோ உயிர்வாழ்வோடோ தொடர்பில்லாத பகுதிகளையும் பார்த்தார்கள். அந்தப் பகுதிகளில் எந்தக் கோடும் இல்லை. தூரம் கூடக் கூட வேறுபாடும் கொஞ்சங்கொஞ்சமாகக் கூடியது, அவ்வளவுதான். பக்கத்து ஊரோடு மட்டும் பெண் கொடுத்து எடுக்கும் எந்தக் கூட்டத்திலும் வருவது. மரபியலாளர் சீவல் ரைட் 1943இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது.

ஒரே எலியின் உடம்பில் இரண்டு பேரேடுகள். தோலில் இருப்பது ஆந்தையும் நாரையும் எழுதியது. அதற்கு அர்த்தம் உண்டு, வெள்ளை மணலில் வெள்ளையாயிரு என்பது அதன் செய்தி. மற்றதில் இருப்பது யார் யாரோடு கலந்தார்கள், யாரோடு கலக்கவில்லை என்ற வெறும் புழங்கல் கணக்கு. பக்கங்களின் எண்ணிக்கையில் பார்த்தால் இரண்டாவது பேரேடுதான் பிரம்மாண்டமானது. மூலக்கூறு அளவிலான மாற்றங்களில் பெரும்பான்மை நன்மையோ தீமையோ செய்யாதவை என்று 1968இல் மரபியலாளர் மோட்டோ கிமுரா எழுதியபோது பலர் எரிச்சல்பட்டார்கள். இயற்கை ஒரு கஞ்சன், வீணாக எதையும் செய்யாது என்ற நம்பிக்கையில் அது கைவைத்தது.

இந்த இரண்டாம் பேரேடு தடித்துக்கொண்டே போக ஒரு தடுப்பு இருந்தால் போதும். எலிக்குத் தடுப்பு என்பது எது? மதெய்ராவில் மலை. ராபர்ட் செலண்டர் டெக்சஸில் பார்த்தது இன்னும் விசித்திரம். 1960களில் அவர் கோழிப் பண்ணைக் கொட்டகைகளில் வீட்டெலிகளைப் பிடித்து, இரத்தப் புரதங்களை மாவுக் களியில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, எந்த எலியிடம் எந்த வகைப் புரதம் என்று வரைபடம் போட்டார். ஒரே கூரை, ஒரே தரை, நடுவில் தட்டி கூட இல்லை. ஆனாலும் கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு வகை மிகுந்தும் இன்னொரு மூலையில் வேறு வகை மிகுந்தும் கிடந்தன. ஒரு ஆண் எலி, அதன் சில பெண்கள், அவற்றின் குட்டிகள் என்று சில சதுர மீட்டருக்குள் ஒரு குடும்பம். வெளியாள் வந்தால் கடித்துத் துரத்தப்படும். அங்கே மதில் ஆண் எலியின் பற்களில் இருந்தது.

நியூயார்க்கில் மதிலை எழுப்பியது நகரம். வெள்ளைக்கால் எலி, சம்னரின் காட்டெலிக்கு நெருங்கிய உறவு. கான்கிரீட் வருவதற்கு முன்பே அந்தக் காடுகளில் இருந்தது. தெருவைக் கடப்பது அரிது. நகரம் வளர வளர அது பூங்காக்களுக்குள் ஒதுங்கியது. ஜேசன் முன்ஷி-சவுத் பூங்கா பூங்காவாக அலுமினியப் பொறி வைத்துப் பிடித்து ஆராய்ந்தபோது, ஒரு துளி சதையை வைத்தே இந்த எலி எந்தப் பூங்காவுடையது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது. 2010இல் வெளியான ஆய்வு அது. சென்ட்ரல் பூங்கா திறக்கப்பட்டு அப்போது நூற்றைம்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. மரங்கள் தொடர்ச்சியாக நிற்கும் இடங்களில் மட்டும் பூங்காவுக்குப் பூங்கா கொஞ்சம் போக்குவரத்து. அதே நகரத்தின் சாக்கடைப் பழுப்பு எலிக்குத் தெரு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்கும் மன்ஹாட்டனின் வடபகுதி, தென்பகுதி என்று இரண்டு கூட்டம். வீடுகள் குறைந்து அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த நடுப்பகுதி இரண்டுக்கும் இடையே. ஒருவருக்கு மதிலாக இருப்பது இன்னொருவருக்கு வாசல்படி. எந்த உயிருக்கு எது மதில் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதன் டி.என்.ஏ.யைக் கேட்டால்தான் தெரியும்.

தடுப்பு மெல்லச் செய்யும் வேலைக்குக் காத்திராமல் ஒரே நாளில் கூட்டம் வேறாகிவிடும் வழியும் இருக்கிறது. வேல்ஸ் கரைக்கு அப்பால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்கோக்ஹோம் தீவு. 1890களில் முயல் பிடிக்கப் போனவர்களின் சாமான்களோடு வீட்டெலி அங்கே போய்ச் சேர்ந்தது. அறுபது எழுபது ஆண்டுக்குப் பின் ஆர். ஜே. பெர்ரி அந்த எலிகளின் மண்டையோட்டையும் எலும்பையும் ஆராய்ந்தார். நரம்பு நுழையும் நுண்துளை இரட்டையா ஒற்றையா, நெற்றியெலும்புகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு துண்டு உண்டா இல்லையா என்பதுபோன்ற, எலிக்கே தெரியாத சில்லறை வேறுபாடுகள். அவற்றில் தீவு எலி, எதிர்க்கரை எலியிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. தீவின் கடுங்குளிரும் காற்றும் செய்த வேலை என்று விளக்கம் சொல்ல யாருக்கும் ஆசை வரும். பெர்ரி வந்து சேர்ந்த முடிவு வேறு: முதலில் இறங்கிய நாலைந்து எலிகள் எப்படி இருந்தனவோ, அதுவே தீவின் முகமாயிற்று. பல வகை கலந்து கிடக்கும் விதைநெல் மூட்டையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளி விதைத்தால், அந்த வயலில் விளைவது மூட்டையின் சரியான மாதிரியாக இருக்காது. பிடிக்குள் அகப்பட்டதுதான் விளையும். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அகப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தீவெலிகளில் பெரும்பகுதி செத்து, மிஞ்சியவை மறுபடி பெருகும். ஆண்டுதோறும் இன்னொரு பிடி. பாடப்புத்தகம் இதை மரபணு நகர்வு என்கிறது.

ஆக, காரணமுள்ள வேறுபாடு, காரணமற்ற வேறுபாடு என்று இரண்டு பெட்டி போட்டு முடித்துவிடலாமா? மதெய்ரா மறுபடி குறுக்கே வருகிறது. இத்தனை வேகமாக, எல்லாம் ஒட்டும் திசையிலேயே போயிருப்பதற்கு வெறும் தற்செயல் போதுமா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்கு இருந்தது. 2014இல் மைக்கேல் லாம்ப்சனின் ஆய்வுக்குழு பெண் எலியின் முட்டைக்குள் ஒரு விடை காட்டியது. முட்டை உருவாகும்போது குரோமோசோம் தொகுதியில் ஒரு பாதி முட்டைக்குள் தங்கும். மறுபாதி ஒரு சின்னப் பொட்டலமாக வெளியே தள்ளப்பட்டு அழியும். எந்தப் பக்கம் தங்குவது என்பது காசு சுண்டிப் போட்டதுபோல் சமமாக இருக்க வேண்டும். இருப்பதில்லை. குரோமோசோமின் இடுப்புப் பகுதி எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்து, ஒட்டிய குரோமோசோம்கள் சில எலிகளில் முட்டைக்குள் இடம்பிடித்துக்கொள்கின்றன. எலிக்கு இதில் லாபம் இல்லை, கூட்டத்துக்கும் இல்லை. குரோமோசோம் தனக்குத்தானே சீட்டுப் பிடித்துக்கொள்கிறது. காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் எலிக்காக இல்லை.

எலிகளிடம் இப்படிப்பட்ட தன்னலக்காரன் இன்னொன்று முன்பே அகப்பட்டிருந்தது. காட்டு வீட்டெலிகளில் டி என்று ஒரு மரபணுத் தொகுதி. ஒரு பிரதி இருந்தால் ஆண் எலியின் பிள்ளைகளில் பாதிக்குப் போகாமல் பத்தில் ஒன்பதுக்கு மேல் தொற்றிக்கொள்ளும். இரண்டு பிரதி சேர்ந்தால் பெரும்பாலும் குட்டி கருவிலேயே சாகும், அல்லது ஆண் மலடாகும். கணக்குப்படி அது எங்கும் பரவியிருக்க வேண்டும். பொறியில் விழும் எலிகளிலோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 1960இல் எல். சி. டன்னும் ரிச்சர்ட் லெவன்டினும் ஒரு விளக்கம் தேடினார்கள். எலிகள் ஒரே பெரும் கூட்டமாக இல்லாமல், கொட்டகை மூலைகளைப்போலச் சிறுசிறு குடும்பங்களாகப் பிரிந்து வாழ்ந்தால், சில குடும்பங்களில் அந்தத் தொகுதி தற்செயலாகவே அற்றுப்போகும். கணினியில் போட்டுப் பார்த்தார்கள். விடை களத்தை நெருங்கி வந்தது. கொட்டகைகளில் செலண்டர் காட்டுவதற்கு முன்பே எண்களின் வழியே ஊகித்த மதில் அது.

அந்த லெவன்டின்தான் 1972இல் மனிதரிடம் வந்தார். இரத்தவகைகளையும் புரதங்களையும் எடுத்துக்கொண்டு, மனித குலத்தின் மரபு வேறுபாட்டில் எவ்வளவு பங்கு கூட்டங்களுக்கு இடையே, எவ்வளவு பங்கு கூட்டங்களுக்கு உள்ளே என்று பிரித்தார். 85 விழுக்காடு உள்ளேயே இருந்தது. ஒரே தெருவில் வாழும் இருவருக்குள் இருக்கும் வேறுபாடே மொத்தத்தில் பெரும்பகுதி. கண்டம் கண்டமாகப் பிரித்து மனிதர் பேசும் வேறுபாட்டுக்கு மிஞ்சியது ஆறு விழுக்காட்டை ஒட்டி. பின்னால் டி.என்.ஏ.யை வைத்துப் பலர் கணக்கிட்டும் அந்தப் பங்கீடு பெரிதாக மாறவில்லை.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதில் ஆபத்து உண்டு என்று தெரிந்தே நானும் தாவுகிறேன், ஏனென்றால் நம்மிடம் மதில் இருக்கிறது. 2013இல் ஹைதராபாத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைஹ் முதலானோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4,200 ஆண்டு முன்பிருந்து 1,900 ஆண்டு முன்புவரை கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்றும், அதன்பின் அந்தக் கலப்பு ஏறக்குறைய நின்றது என்றும் சொன்னது. மலை எழவில்லை, கடல் புகவில்லை. தெரு அதே தெரு, குளம் அதே குளம். டெக்சஸ் கொட்டகைபோல் ஒரே கூரைக்குள் மூலை மூலையாகப் பிரிந்தோம். ஆணெலியின் பல்லுக்குப் பதிலாக இங்கே திருமண விதி.

இந்த மதிலுக்குள் என்ன சேர்ந்தது? பெருமை பேசுகிறவர்கள் அறிவு, வீரம், வணிகத் திறமை என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் கையில் இருக்கும் பட்டியல் வேறு. தெலுங்கு பேசும் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் கொடுத்தால், சில நிமிடத்தில் தெளிய வேண்டியவர் சில மணிநேரம் மூச்சுக் கருவியில் கிடக்க நேரலாம். மருந்தை உடைக்கும் நொதி அவர்களில் பலருக்குப் பிறவியிலேயே குறைவு. யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எப்போதோ ஒரு சிறு கூட்டமாகச் சுருங்கியபோது பிடிக்குள் அகப்பட்டது, மதில் அதைக் காத்து வைத்தது. இன்ன நோய் இன்ன சாதிக்கு என்று இதுபோல் பல உண்டு. இரண்டாம் பேரேட்டில் மதில் எழுதும் வரிகள் பெரும்பாலும் இப்படித்தான்: பொருளற்றவை, சில நேரம் கேடானவை. அதை முதல் பேரேடாக எண்ணி, ஏதோ உயர்ந்த தேர்வின் சான்றிதழ் என்று வாசிப்பதைத்தான் குலப்பெருமை ஆயிரம் ஆண்டாகச் செய்துவருகிறது.

இதோடு நிறுத்தினால் காரணமற்ற வேறுபாடெல்லாம் குப்பை என்று ஆகிவிடும். எலிகள் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில், சாதாரண வீட்டெலியைவிடப் பருத்த ஒரு தனிக் கிளை இருந்தது. 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசிக் குடிகள் 36 பேர் கப்பலேறிப் போனார்கள். அடுப்பும் தானியக்குதிரும் இல்லாத தீவில் அந்த வீட்டெலி இரண்டொரு ஆண்டு தாங்கவில்லை. காலியான வீடுகளுக்குள் தீவின் காட்டெலி வந்து குடியேறியது. அது இன்றும் இருக்கிறது. வீட்டெலியின் பருமனுக்கு ஒரு காரணம் இருந்ததா, அல்லது முதலில் இறங்கிய எலிகளின் பருமனா என்று கேட்க இன்று எலி இல்லை.

ஃபுளோரிடா, அலபாமா எல்லையில் பெர்டிடோ கீ என்ற தடுப்புத் தீவின் வெள்ளெலி அந்த நிலைக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றது. கரையெல்லாம் அடுக்குமாடிகள் ஆயின. 1979இல் ஃபிரெடெரிக் புயல் மணல்மேடுகளை வழித்துக்கொண்டு போனது. 1980களின் நடுவில் ஒரு பூங்காவின் மணல்மேட்டில் சில பத்து எலிகள் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றில் சிலவற்றைப் பிடித்துத் தீவின் இன்னொரு முனைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பின்னால் பழைய இடத்துக் கூட்டம் அழிந்தது. இன்றுள்ள பெர்டிடோ எலிகள் அந்த ஒரு பிடியின் வாரிசுகள்.

இப்படிப்பட்ட கூட்டத்தைப் பாதுகாப்பவர்முன் நிற்கும் கேள்விக்குச் சுலப விடை இல்லை. பக்கத்துத் தீவின் எலிகளைக் கொண்டுவந்து கலந்தால் நோயும் மலடும் குறையலாம். அந்தத் தீவுக்கென்று இருந்த முகம் கரையலாம். கலக்காமல் விட்டால் முகம் தங்கும், எலி தங்குமா தெரியாது. எந்த வேறுபாடு வெள்ளை மணல் எழுதியது, எது அகப்பட்டது என்று பிரித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நிறத்தைக் காக்கலாம், அகப்பட்ட கேட்டைக் களையலாம். இந்தப் பிரித்தறிதலுக்கு மரபணு ஆய்வு கைகொடுக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்பதை அது சொல்வதில்லை.

அகப்பட்டதிலும் ஒரு சேமிப்பு இருக்கிறது. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் வெளிறிய எலி தோன்றியபோது தேர்வுக்குக் கையில் கிடைத்தவை ஏற்கெனவே இருந்தவையும் புதிதாக வந்தவையுமான மாற்றங்கள். அவை தோன்றிய கணத்தில் எந்த வெள்ளை மணலையும் எதிர்பார்த்துத் தோன்றவில்லை. இன்று பயனற்றது நாளை பயன்படும் என்று உறுதி சொல்ல முடியாது. மணல் வந்தபின் வேண்டிய மாற்றத்தை எலி தானே தேடி வரவழைக்க முடியாது என்பது மட்டும் உறுதி. நியூயார்க் பூங்கா எலிகள் துண்டுபட்ட பின்னும் தமக்குள் நல்ல அளவு வேறுபாட்டை வைத்திருக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் நிம்மதியோடு எழுதியதற்குப் பொருள் இதுதான்.

ஒன்று இன்னொன்றிலிருந்து வேறாவதற்கு அது சிறந்ததாக இருக்கத் தேவையில்லை, தாழ்ந்ததாகவும் இருக்கத் தேவையில்லை. கலவாமல் கொஞ்ச காலம் இருந்தாலே போதும். இதை ஒப்புக்கொண்டால் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். வேறாயிருப்பதை வைத்து யாரும் உயரத்தில் ஏறி உட்கார முடியாது. வேலை என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்பதற்காக எந்த வேறுபாட்டையும் துடைத்தெறியவும் முடியாது. முதலாவதை ஏற்கும் முற்போக்காளர் பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவதை உரக்கப் பேசும் மரபுக்காவலர் முதலாவதைக் காதில் வாங்குவதில்லை. எலி இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது. அதற்கு அது பாரமாகவும் தெரிவதில்லை, பெருமையாகவும் தெரிவதில்லை.